பருவநிலை உடன்படிக்கைகள் நம் லாபிஸ் வரை வந்து சேர்ந்திருக்கின்றனவா?

லாபிஸ்வாசி

அனைவருக்கும் வணக்கம். பிரேசில் நாட்டின் பெலெம் நகரில் 2025 நவம்பரில் நடந்த 30ஆவது பருவநிலை மாநாட்டுச் செய்திகளைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. அதை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள நம் லாபிஸ் வட்டாரத்து மக்களிடமே கேட்டுவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். 1992இல் ரியோ, 1997இல் கியோட்டோ, 2015இல் பாரிஸ் என்று பருவநிலை உடன்படிக்கைகள் ஒவ்வொன்றாக வர வர, அவற்றின் பெயரையும் ஆண்டையும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். 2023 மார்ச் மாதம் ஜொகூரில் 40,000க்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறிய வெள்ளத்தின்போது, துயர் துடைப்பு மையத்தில் என் பழைய மாணவி ஒருவர் கைக்குழந்தையைப் பாயில் படுக்கவைத்து விசிறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "சார், நீங்கள் படித்துக் கொடுத்த அந்த ஒப்பந்தமெல்லாம் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். குத்திக்காட்டும் தொனி அதில் கொஞ்சமும் இல்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நம் ஊருக்கு வெள்ளம் புதிதன்று. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் இரண்டு அலைகளாக வந்த வெள்ளம் சிகாமட்டையும் கோத்தா திங்கியையும் மூழ்கடித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை இடம்பெயரச் செய்தது. 2011 ஜனவரி 30ஆம் தேதி தெனாங் தொகுதி இடைத்தேர்தலன்று வாக்காளர்கள் மழையிலும் வெள்ளத்திலும் வாக்களிக்கப் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. எங்கள் சமையலறைச் சுவரில், இடுப்பளவு உயரத்தில், 2023ஆம் ஆண்டுத் தண்ணீர் விட்டுப்போன பழுப்புக் கோடு இருக்கிறது. மூன்று முறை சாயம் பூசியாகிவிட்டது. ஈரமான மாதங்களில் அது மீண்டும் மேலே தெரிகிறது.

ரியோவில் கையெழுத்திட்ட ஆண்டில் காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 356 பங்காக இருந்த கரியமிலவாயு, 2024இல் 424 பங்கைத் தாண்டிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூடிப் பேசியதன் பயன் இதுதானா? இதைத் தாண்டி ஏதேனும் இருக்கிறதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

இளவேனில்

வணக்கம் ஐயா. நான் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறேன். என் தாத்தா பாட்டி இன்னும் லாபிஸில்தான் இருக்கிறார்கள். நீங்கள் சொன்ன எண்கள் சரியானவை. ஆனால் அவற்றோடு இன்னும் ஓர் எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாரிஸ் உடன்படிக்கை ஏற்கப்பட்ட சமயத்தில் நடைமுறையில் இருந்த கொள்கைகளை வைத்துக் கணக்கிட்டபோது, 2030ஆம் ஆண்டுக்குள் உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றம் 16 விழுக்காடு கூடும் என்று தெரிந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2023இல் அதே கணக்கைத் திரும்பப் போட்டபோது, அந்த உயர்வு 3 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. வண்டி இன்னும் மேட்டில்தான் ஏறுகிறது, ஆனால் வேகம் குறைந்திருக்கிறது. சூரியத் தகட்டின் விலை 2010களில் ஏறத்தாழ 90 விழுக்காடு வீழ்ந்ததற்கு உடன்படிக்கை மட்டும் காரணமாகாது. சீனாவின் ஆலைகளும் ஜெர்மனியின் மானியங்களும் அதில் பெரும் பங்கு வகித்தன. என்றாலும், எல்லா அரசுகளும் ஒரே திசையில் போகப்போகின்றன என்ற நம்பிக்கை இல்லாமல் அவ்வளவு முதலீடு இறங்கியிருக்காது.

இது போதுமா என்று கேட்டால், போதாது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 2024ஆம் ஆண்டு ஏறத்தாழ 1.55 பாகை வெப்பமாக இருந்தது. பாரிஸில் குறிப்பிடப்பட்ட 1.5 பாகை பல ஆண்டுச் சராசரியைக் குறிப்பது, ஆகவே ஓர் ஆண்டு தாண்டியதாலேயே இலக்கு முறிந்துவிட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் மிக அருகில் வந்துவிட்டோம். காற்று ஒரு பாகை சூடானால் அது தாங்கும் ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். உங்கள் சமையலறைச் சுவருக்கும் அந்த 7 விழுக்காட்டுக்கும் தொடர்பு உண்டு, ஐயா.

மூன்று ஏக்கர்

ஆசிரியர் ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம். எனக்கு மூன்று ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) இருக்கிறது. என் பெற்றோர் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள். தம்பி சொல்லும் கணக்கை நான் மறுக்கவில்லை, ஆனால் அது என் காட்டில் தெரியவில்லை.

நான் கண்ணால் பார்த்த ஓர் உடன்படிக்கையைச் சொல்கிறேன். எல்லை தாண்டிய புகைமூட்டம் குறித்து ஆசியான் நாடுகள் 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்திட்டன. அது 2003இல் நடைமுறைக்கு வந்தது. தீ எரிகிற நாடான இந்தோனேசியா அதை ஏற்று உறுதி செய்தது 2014இல். இடைப்பட்ட 2013 ஜூன் மாதத்தில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அன்று காலையில் நான் குலை வெட்டப் போனபோது, பக்கத்து நிரையில் நின்ற மரத்தின் மட்டை எனக்குத் தெரியவில்லை. இந்தோனேசியா உறுதி செய்த பிறகாவது நின்றதா? மறு ஆண்டு, 2015இல், அந்நாட்டில் 26 லட்சம் ஹெக்டர் எரிந்தது. அந்த உடன்படிக்கையில் தவறியவருக்குத் தண்டனை என்று ஒரு வரி கிடையாது.

இன்னொன்று. கடும் வறட்சி வந்தால் செம்பனை உடனே வாடிக் காட்டாது. அன்று மரத்துக்குள் உருவாகும் பூக்கள் பெண்பூவாக இல்லாமல் ஆண்பூவாக மாறிவிடும். அதன் விளைவு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். குலை இருக்க வேண்டிய மட்டைக் கக்கத்தில், விரல் விரலாக நீட்டிக்கொண்டு, மாவு உதிர்ந்த ஆண்பூதான் நிற்கும். 2015 வறட்சிக்குப் பின் 2016இல் நாடெங்கும் விளைச்சல் சரிந்தது செய்தியாக வந்தது. ஆனால் அதற்குப் பின்னும் என் காட்டில் ஆண்பூக்களை எண்ணிக்கொண்டு நடந்தது செய்தியாக வரவில்லை.

இதற்கிடையில், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வரும் செம்பனை எண்ணெயும் ரப்பரும் வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றிவிட்டு, அதை நடைமுறைப்படுத்துவதை இரண்டு முறை தள்ளிப்போட்டிருக்கிறது. என் மூன்று ஏக்கர் வரைபடத்தில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று நான் நிரூபிக்க வேண்டுமாம். என் அப்பா காலத்திலேயே வெட்டி நட்ட நிலம் அது. காகிதம் எல்லாம் கீழே வருகிறது, பணம் மட்டும் மேலேயே நின்றுவிடுகிறது.

இளவேனில்

மாமா, ஒரே ஒரு விளக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அந்த விதி அவர்கள் தனியாக இயற்றிய சட்டம். நாடுகள் சேர்ந்து பேசி முடித்த உடன்படிக்கைகளோடு அதைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. நான்கு ஹெக்டருக்குக் குறைவான நிலத்துக்கு ஒரு புள்ளியைக் குறித்தால் போதும் என்ற சலுகையும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் புள்ளியைக் குறித்துக் கொடுக்கச் சிறுதோட்டக்காரருக்கு யார் உதவுவார்கள் என்ற உங்கள் குறை முழுக்க நியாயமானது.

குட்டைக்கரை

நான் இந்தப் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றில் கழிவுநீர்க் குட்டைகளைப் பார்த்துக்கொள்பவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே வேலை. ஆலையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. உடன்படிக்கை கீழே வந்து சேர்கிறதா என்று ஆசிரியர் ஐயா கேட்டிருக்கிறார். எங்கள் குட்டைக்கு அது ஒரு முறை வந்தது, பிறகு போய்விட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு டன் கச்சா எண்ணெய் எடுத்தால் இரண்டரையிலிருந்து மூன்றரை டன் வரை கழிவுநீர் வரும். ஆலையிலிருந்து கொதிக்கக் கொதிக்க, காப்பி நிறத்தில், புளித்த வாடையோடு வரும் அந்த நீரை முதலில் ஆறவைத்து, அடுத்தடுத்த குட்டைகளில் விட்டு, கிருமிகள் தின்று தீர்த்த பிறகே ஆற்றில் விட வேண்டும். காற்றுப் படாத ஆழமான குட்டையில் அந்தக் கிருமிகள் வேலை செய்யும்போது மீத்தேன் வாயு கிளம்பும். கரையில் நின்று பார்த்தால், மேலே படிந்திருக்கும் தடித்த ஆடையைக் கிழித்துக்கொண்டு உள்ளங்கை அகலக் குமிழிகள் வந்து உடைவது தெரியும். அடுப்பே இல்லாமல் ஓர் உலைப் பானை கொதிப்பது போல இரவும் பகலும் அது நடக்கும். மீத்தேன் இருபது ஆண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட எண்பது மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கியோட்டோ உடன்படிக்கையில், வளர்ந்த நாடுகள் தங்கள் வாயுக் குறைப்புக் கணக்கை ஈடுகட்ட, நம்மைப் போன்ற நாடுகளில் நடக்கும் குறைப்புத் திட்டங்களின் சான்றிதழ்களை விலைக்கு வாங்கலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். மலேசியாவின் பல செம்பனை ஆலைகள் அதில் பதிவு செய்துகொண்டன. எங்கள் ஆலையும் செய்தது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு பெரிய குட்டையின் மேல் கறுப்பு நிறத் தடித்த விரிப்பைப் போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதைத்தார்கள். சில நாளில் அது யானை முதுகு போல உப்பி நின்றது. வாயுவைக் குழாய் வழியாக எடுத்து எரித்துவிட்டு, எவ்வளவு எரிந்தது என்று அளக்க ஒரு கருவி வைத்தார்கள். நாள்தோறும் அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதியவன் நான்தான். அந்த எண்ணுக்கு ஐரோப்பாவில் யாரோ பணம் கொடுக்கிறார்கள் என்று சொன்னபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. சாக்கடை வேலை என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்த வேலை அது.

2012க்குப் பிறகு அந்தச் சான்றிதழ்களின் விலை அடிமட்டத்துக்கு விழுந்தது. ஒரு டன் ஒரு யூரோவுக்கும் கீழே போயிற்று. அமெரிக்கா அந்த உடன்படிக்கையைக் கடைசிவரை உறுதி செய்யவில்லை, கனடா விலகிக்கொண்டது, வாங்க ஆள் இல்லை. அளக்க வருபவர்கள் வருவதை நிறுத்தினார்கள். அடுத்த பெருமழைக் காலத்தில் விரிப்பு ஒரு மூலையில் கிழிந்தது. மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தேன், வரவில்லை. ஒட்டுப் போட்டுப் பார்த்தேன். பிறகு அது குட்டைக்குள்ளேயே அமிழ்ந்துவிட்டது. குமிழிகள் முன்போலவே வர ஆரம்பித்தன.

இதோடு கதை முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கென 2011இல் நம் நாட்டில் சட்டம் வந்து, வாயுவிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்கு நிலையான விலை கிடைக்க வழி பிறந்தது. 2014 முதல் புதிய ஆலைகளும் விரிவாக்கம் செய்யும் ஆலைகளும் வாயுவைப் பிடிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. எங்கள் ஆலை விரிவாக்கம் கேட்டபோதுதான் மறுபடியும் விரிப்பு வந்தது. இந்த முறை எரிப்பதோடு நிற்காமல் மின் இயந்திரமும் சேர்ந்து வந்தது. பாரிஸில் என்ன எழுதினார்கள் என்று எங்கள் நிர்வாகத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. உரிமம் கிடைக்காது என்றதும் வேலை நடந்தது.

பழைய ஏடு

குட்டைக்கரை தம்பி எழுதியதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. என் தகப்பனார் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். ரப்பர் வரலாற்றைத் தேடிப் படிக்கும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது. இழையின் பொருளைவிட்டு விலகுவதாக எண்ண வேண்டாம். நாடுகள் கூடிப் போடும் உடன்படிக்கை எப்போது பிடிக்கும், எப்போது வழுக்கும் என்பதை நம் தோட்டங்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பட்டு அறிந்துவிட்டன.

முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை தரைமட்டமானது. 1922 நவம்பரில் ஆங்கிலேயர்கள் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்து, மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதி செய்யும் ரப்பரின் அளவைக் கட்டுப்படுத்தினார்கள். டச்சுக்காரர்கள் ஆண்ட இந்தோனேசியா அதில் சேரவில்லை. 1922இல் ஒரு ராத்தல் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே இருந்த விலை 1925இல் நான்கு ஷில்லிங்கைத் தாண்டியபோது, நம் தோட்டங்களில் பால்வெட்டைக் குறைத்து உயர்த்திய விலையின் பலனை சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருந்தவர்கள் அறுவடை செய்தார்கள்; அங்கே புதிய கன்றுகள் நடப்பட்டன. அமெரிக்க வாகனத் தொழிலும் சும்மா இருக்கவில்லை. சொந்தமாக ரப்பர் நட டயர் நிறுவனமான ஃபயர்ஸ்டோன் லைபீரியாவுக்குப் போனது, கார் அதிபர் ஃபோர்டு பிரேசிலுக்குப் போனார். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது.

1934இல் மீண்டும் முயன்றபோது டச்சுக்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள், இந்தியா, சயாம் ஆகிய எல்லோரையும் உள்ளே இழுத்தார்கள். அது பிடித்தது, விலை நின்றது. ஆனால் மலாயாவின் சிறுதோட்டக்காரர்களுக்கு ஒதுக்கிய பங்கு அவர்களின் மெய்யான விளைச்சலைவிடக் குறைவாக இருந்தது. புதிய நடவும் தடுக்கப்பட்டது. மேசையில் அமர்ந்தவர்கள் பெரிய தோட்டக் கம்பெனிகளின் கணக்கை வைத்துப் பங்கு பிரித்தார்கள். மூன்று ஏக்கர் அண்ணன் இன்று சொல்லும் அதே குறையை 1934இல் அவருடைய முன்னோர் காலத்துச் சிறுதோட்டக்காரர்களும் சொல்லியிருப்பார்கள்.

கடைசியாக, 1979இல் உருவான பன்னாட்டு இயற்கை ரப்பர் உடன்படிக்கை விற்பவர்களையும் வாங்குபவர்களையும் ஒரே அமைப்பில் சேர்த்தது. தலைமையகம் கோலாலம்பூரிலேயே இருந்தது. விலை விழும்போது வாங்கி இருப்பு வைப்பதும், ஏறும்போது விற்பதும் அதன் வேலை. 1997 நிதி நெருக்கடியில் நம் வெள்ளியின் (ரிங்கிட்டின்) மதிப்பு சரிந்தபோது, எந்த விலையைக் காக்க வேண்டும் என்பதிலேயே சண்டை வந்தது. நம் நாடு விலகியது, தாய்லாந்து விலகியது, 1999இல் கதவை மூடினார்கள். விலகியவர்களில் நாமும் ஒருவர் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆகவே என் கருத்து இது. கியோட்டோ என்பது ஸ்டீவன்சன் திட்டம். வெளியே நின்றவருக்கு எந்தச் செலவும் இல்லை. பாரிஸ் ஏறக்குறைய எல்லோரையும் உள்ளே கொண்டுவந்தது, ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதை அவரவரே எழுதிக்கொள்ளலாம் என்று விட்டது. 2025 பிப்ரவரிக்குள் புதிய இலக்கைத் தர வேண்டும் என்ற கெடுவைப் பெரும்பாலான நாடுகள் தவறவிட்டன, எதுவும் நடக்கவில்லை. உள்ளே வந்ததே ஒரு முன்னேற்றம் என்பதை ஏற்கிறேன். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, ஏறக்குறைய எல்லோரும் வந்து நின்றாகிவிட்டது, ஆனால் நிரை பிரித்துக் கொடுக்கக் கங்காணி இல்லை.

ஒரு சிறு தகவலும் சொல்லி முடிக்கிறேன். 1876இல் ரப்பர் விதைகள் கப்பலேறியது தபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து. அது பாரா மாநிலத்தில் ஓடுகிறது. அந்த மாநிலத்தின் தலைநகரம்தான் பெலெம். நாம் வெட்டிய ஒவ்வொரு மரத்தின் பூர்வீகமும் இந்த மாநாடு நடந்த மண்.

இளவேனில்

பழைய ஏடு ஐயா, இந்த ஒப்பீட்டை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை, மிக்க நன்றி. உங்கள் அளவுகோலை வைத்தே, வெற்றி பெற்ற ஓர் உடன்படிக்கையையும் பார்க்கலாம்.

ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மொன்றியலில் ஏற்கப்பட்ட உடன்படிக்கையை 198 தரப்புகளும் ஏற்றிருக்கின்றன. கட்டுப்படுத்தப்பட்ட வேதிப்பொருள்களில் ஏறத்தாழ 99 விழுக்காடு பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. உலகின் பெரும்பகுதியில் ஓசோன் படலம் 2040 வாக்கில் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்கிறார்கள். அது ஏன் பிடித்தது? சேராத நாட்டோடு அந்தப் பொருள்களில் வணிகம் செய்யக் கூடாது என்ற விதி அதிலேயே இருந்தது. ஏழை நாடுகள் மாறுவதற்கான செலவைத் தனி நிதி ஏற்றது. தயாரித்த நிறுவனங்கள் மிகச் சில. மாற்றுப் பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நிலக்கரிக்கும் பெட்ரோலுக்கும் இவற்றில் கடைசி இரண்டும் இல்லை என்பதால் அதே அச்சில் வார்க்க முடியாது. ஆனால் முதல் இரண்டையும் பருவநிலை உடன்படிக்கையில் எழுதியிருக்கலாம். எழுத மனமில்லாமல் விட்டார்கள் என்பதில்தான் எனக்கு ஆற்றாமை.

2016இல் கிகாலியில் அதே உடன்படிக்கையைத் திருத்தி, குளிர்சாதனப் பெட்டிகளிலுள்ள இன்னொரு வகை வாயுவையும் குறைக்க ஒத்துக்கொண்டார்கள். அது ஒழுங்காக நடந்தால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அரைப் பாகை வரை வெப்பம் தவிர்க்கப்படும்.

தென்முனை

தோட்டத்தில் பிறந்து, இப்போது ஜொகூர் பாருவில் காப்புறுதிச் சேத மதிப்பீட்டாளராக வேலை பார்க்கிறேன். வெள்ளம் வடிந்த வீடுகளுக்குள் முதலில் நுழைபவர்களில் நானும் ஒருத்தி. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வந்தபோது, சேறு முழங்கால் வரை இருந்த வீடுகளில் குறிப்பெடுத்தேன். எல்லா வீட்டிலும் முதலில் கவிழ்வது குளிர்சாதனப் பெட்டி. அது மிதந்து போய்க் கதவை அடைத்துக்கொள்ளும், வீட்டுக்காரர்களால் உள்ளே போகவே முடியாது.

நிதி பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்த அந்த வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 145 கோடி அமெரிக்க டாலர். பருவநிலைப் பேரிடர்களால் ஏற்படும் இழப்புக்கும் சேதத்துக்கும் உதவ ஒரு நிதி வேண்டும் என்று 2022இல் எகிப்தில் ஒப்புக்கொண்டு, 2023இல் துபாயில் அதைத் தொடங்கியபோது, உலகத்துப் பணக்கார நாடுகள் எல்லாம் சேர்ந்து வாக்களித்த தொகை ஏறத்தாழ 70 கோடி டாலர். ஒரு நாட்டில், ஒரு பருவத்தில் வந்த வெள்ளத்தின் பாதிச் செலவுக்குக்கூட அது காணாது. பெலெமில் முதல் விண்ணப்பங்களுக்கென 25 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள்.

2009இல் கோப்பன்ஹேகனில், 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகச் சொன்னார்கள். அது நிறைவேறியது 2022இல். அதிலும் பெரும்பகுதி கடன். 2024இல் பாகுவில் 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று புதிய எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள். என் தொழிலில், இழப்பீட்டைக் கடனாகக் கொடுப்பதை யாரும் இழப்பீடு என்று சொல்ல மாட்டார்கள்.

நம் வட்டாரத்து மக்களுக்கு ஒரு செய்தி: வீட்டுக்கு எடுக்கும் சாதாரணத் தீக் காப்புறுதியில் வெள்ளம் அடங்காது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். 2023இல் நான் பார்த்த தோட்டத்து வீடுகளில் எதுவும் சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

நம்பிக்கைக்கும் ஒன்று இருக்கிறது. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் தொடங்கி வைத்த முயற்சியை வனுவாட்டு அரசு கையிலெடுத்து, ஐக்கிய நாடுகள் சபை வழியாக அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், கடமை தவறினால் இழப்பீடு கேட்க இடமுண்டு என்றும் அந்த நீதிமன்றம் 2025 ஜூலை 23ஆம் தேதி கருத்துரைத்தது. அது கட்டாயத் தீர்ப்பன்று. ஆனால் இதற்கு முன் மாநாட்டு மேசையில் மன்றாடிக் கேட்டதை, இனி சட்டத்தைச் சொல்லிக் கேட்கலாம். ரியோவும் பாரிஸும் எழுதப்படாமல் இருந்திருந்தால் அந்த நீதிபதிகளின் கையில் பிடித்துக்கொள்ள அவ்வளவு வரிகள் இருந்திருக்காது.

மூன்று ஏக்கர்

சகோதரி சொன்ன காப்புறுதி விவரத்துக்கு நன்றி. நாளையே என் பத்திரத்தை எடுத்துப் பார்க்கிறேன்.

என் முந்தைய பதிவில் கோபம் அதிகமாக இருந்தது. குட்டைக்கரை தம்பியின் விரிப்பு பற்றிப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. புகைமூட்ட உடன்படிக்கையைப் பற்றி நான் சொன்னதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன். 2015இல் அவ்வளவு எரிந்த பிறகு, 2016 ஜனவரியில் இந்தோனேசியா கரிச்சதுப்பு நிலங்களை மீட்க ஓர் அமைப்பையே உருவாக்கியது; வாய்க்கால்களை அடைத்து நிலத்தை ஈரமாக்கும் வேலை நடந்தது. 2019இல் மறுபடியும் 16 லட்சம் ஹெக்டர் எரிந்தது என்றாலும், 2015ஐவிட அது குறைவு. ஆசியான் ஒப்பந்தம் அதைச் செய்ய வைத்ததா, தங்கள் பிள்ளைகளே மூச்சுத் திணறியதைப் பார்த்துச் செய்தார்களா என்று கேட்டால், பின்னதுதான் என்பேன்.

ஆனால் தம்பி, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை இலக்கை உயர்த்துவார்கள் என்கிறது பாரிஸ். செம்பனைக்கு ஆயுள் 25 ஆண்டு. இன்று நான் நடுகிற கன்று 2050இல்தான் விழும். நம் நாடு வெளியேற்றத்தைச் சமன் செய்யப்போவதாகச் சொல்லியிருக்கும் ஆண்டும் அதுவே. ஒரே ஒரு மரத்தின் வாழ்நாளுக்குள் இவர்கள் ஐந்து முறை உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். மறுநடவுக்கு எந்தக் கன்றை வாங்குவது என்று முடிவெடுக்க எனக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

லாபிஸ்வாசி

எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. என் மாணவியிடம் இனி என்ன சொல்வேன் என்று யோசித்தேன்.

நம் நாடு பாரிஸ் உடன்படிக்கையின்கீழ் ஒப்புக்கொண்டது, உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு வெள்ளிக்கும் வெளியேறும் வாயுவின் அளவை 2005ஐ ஒப்பிட 2030க்குள் 45 விழுக்காடு குறைப்பது. முதலில் 35 விழுக்காடு நாமே செய்வதாகவும், மீதி 10 வெளியுதவி கிடைத்தால் செய்வதாகவும் சொன்னோம். 2021இல் முழுவதையும் நிபந்தனையின்றி ஏற்றோம். புதிய நிலக்கரி மின்நிலையம் இனி இல்லை என்று அதே ஆண்டில் அரசு அறிவித்தது. இதை நான் மதிக்கிறேன். ஆனால் இது விகிதக் கணக்கு. பொருளாதாரம் வளர்ந்தால் மொத்த வாயு கூடினாலும் இலக்கை எட்டிவிட முடியும். இத்தனை ஆண்டுகள் இலக்கு என்ற சொல்லை மட்டும் கற்பித்துவிட்டு, அது எந்த அளவுகோலில் அளக்கப்படுகிறது என்று கற்பிக்காமல் விட்டது என் குறை.

உடன்படிக்கைகளால் ஒன்றுமே ஆகவில்லை என்று இனிச் சொல்ல மாட்டேன். 16 விழுக்காடு 3 ஆனது சிறிய செய்தி இல்லை. அதே வேளையில், அந்தப் பெண்ணின் குழந்தைக்கு அது வந்து சேரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்வேன். சேர்த்திருக்க வேண்டிய நிதியும் அளவையும் தண்டனையும் வேண்டுமென்றே எழுதப்படாமல் விடப்பட்டன என்பதே, இவ்வளவையும் படித்த பிறகு என் முடிவு.

குட்டைக்கரை தம்பிக்கு ஒரு கேள்வி. 2030க்குள் மீத்தேனை 2020ஆம் ஆண்டு அளவிலிருந்து 30 விழுக்காடு குறைக்கும் உலக உறுதிமொழியில் 2021இல் கிளாஸ்கோவில் மலேசியாவும் சேர்ந்தது. உங்கள் ஆலையில் அது தொடர்பாக யாராவது அளக்க வந்தார்களா? பழைய பதிவேடு இன்னும் இருக்கிறதா?

குட்டைக்கரை

ஐயா, அந்த உறுதிமொழியைக் காட்டி இதுவரை யாரும் வரவில்லை. ஆற்றில் விடும் நீரின் தரத்தைச் சோதிக்க மட்டும் வருவார்கள். வாயுவைக் கேட்க மாட்டார்கள். மின் இயந்திரம் பழுதானால் வாயு எரிகுழாய்க்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் எரிகுழாய் அணைந்தால் நான் போய்ப் பற்றவைக்கும்வரை அது அப்படியே காற்றில் கலக்கும். சென்ற ஆண்டு இயந்திரத்துக்கு ஓர் உதிரிப்பாகம் வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த நாள்களில் எத்தனை முறை எரிகுழாய் அணைந்தது என்று என் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கேட்டு எழுதவில்லை, பழக்கம் விடவில்லை.

பழைய பதிவேடு அலுவலகத்தில் இல்லை. இடத்தைச் சுத்தம் செய்தபோது எறியப்போனார்கள், நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். நான்கு ஆண்டுகளுக்கு மேல் நாள்வாரியாக எண்கள் இருக்கின்றன. இளவேனில் தம்பிக்குப் படிப்புக்குப் பயன்படும் என்றால், தீபாவளிக்குத் தாத்தா வீட்டுக்கு வரும்போது வந்து எடுத்துக்கொள்ளலாம். சில பக்கங்களில் எண்ணெய்க் கறை இருக்கும், ஆனால் எழுத்து தெளிவாகவே தெரிகிறது.